அக்கா துள்ளுகிற இடம்

அவளுக்கு அந்தத் தெருவில் அலாரம் என்று பேர். வைத்தது அக்கம்பக்கத்தார் இல்லை, கட்டிக்கொண்ட புருஷனேதான். அழைப்புமணி அடித்தால் துள்ளுவாள். குக்கர் விசில் அடித்தால் துள்ளுவாள். கழுவிக் கவிழ்த்த பாத்திரம் சரிந்து விழுந்தால், கவிழ்த்தது தான்தான் என்பதையே மறந்துவிட்டு ஒரு கத்தல் போடுவாள். பல்லியைப் பற்றிப் பேசவே வேண்டாம். "எல்லார் வீட்டுலயும் அலாரம் மேசை மேல இருக்கும், என் வீட்டுல சமையல்கட்டுல இருக்கு" என்று அவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் வேண்டுமென்றே பின்னால் வந்து தும்முவார்.

வேலை பார்த்தது ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில். சட்டத்தில் கண்ணாடியைப் பொருத்தி, திருகாணியை இறுக்கிக் கொடுக்க வேண்டும். ஒருமுறை முதலாளியின் கைப்பேசி திடீரென்று அலறியதில் வாடிக்கையாளரின் புதுக் கண்ணாடி தரையில் விழுந்து விரிசல் விட்டது. அன்றிலிருந்து அந்தக் கடையில் கைப்பேசிகள் எல்லாம் வாயை மூடிக்கொண்டன. ஒரு மனுஷிக்காக ஒரு கடையே அடக்கி வாசித்தது.

இந்தத் துள்ளலையும் ஒரு காசுக்காகிற சரக்காகக் கண்டுபிடித்தவன் அவள் தம்பி. அவனுக்குப் படங்களுக்கு ட்ரெய்லர் வெட்டுகிற வேலை. அதிலும் கொலைப் படம், திகில் படம் என்றால் ஆளைத் தேடிக்கொண்டு வருவார்கள். முழுப் படத்தையும் கையில் கொடுத்துவிட்டு, ரெண்டு நிமிஷத்தில் எல்லோரையும் பயமுறுத்து, ஆனால் கொலைகாரன் யார் என்று மட்டும் மூச்சு விட்டுவிடாதே என்பார்கள். சொல்கிறவர்களுக்கு என்ன, வாய்தானே.

அவன் செய்கிற கூத்தெல்லாம் அவளுக்கு அத்துபடி. முதலில் சாதாரண வீடு, சாதாரண சிரிப்பு. அதற்கு அடியில் ஓர் உறுமலை ஓட விடுவான். காதுக்குத் தெரியாது, வயிற்றுக்குத்தான் தெரியும். காமிரா ஒரு கதவைப் பார்த்து ஊர்ந்து போகும், அவ்வளவு மெதுவாக, நகர்கிறதா என்று சந்தேகம் வருகிற மாதிரி. காட்சிகள் வரவர நீளம் குறையும். கை, படி, செருப்பு, கண், நடுநடுவே வெறும் இருட்டு. தண்ணீர் சொட்டுகிற சத்தமோ கடிகாரச் சத்தமோ அதோடு சேர்ந்து ஓட ஆரம்பிக்கும். எல்லாம் உச்சத்துக்குப் போகிறபோது சட்டென்று அத்தனை சத்தத்தையும் பிடுங்கிவிடுவான். அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அப்புறம் ஓர் அடி. டமார்.

கஷ்டம் என்னவென்றால், நாள் முழுக்க அதையே கேட்டுக்கொண்டு இருப்பவனுக்கு அந்த அலறல் தண்ணீர் மோட்டார் ஓடுகிற மாதிரி ஆகிவிடும். எங்கே பயம் வருகிறது என்று அவனுக்கே தெரியாது. அதற்குத்தான் அக்கா. சோபாவில் உட்காரவைத்து, கையில் டீயைக் கொடுத்து, படத்தை ஓடவிடுவான். திரைக்கு மேலே ஒரு சின்னக் காமிரா அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும். அவள் துள்ளினால் கணினியில் அந்த இடத்தில் ஒரு குறி வைத்து, அதற்கு 'அக்கா' என்று பேர் எழுதுவான். துள்ளாவிட்டால் அந்த இடத்தைப் பிரித்துப்போட்டு மறுபடி கட்டுவான். அவன் வெட்டிய ட்ரெய்லர் ஒன்றுகூட அதுவரை ஊரில் புஸ்வாணமாகப் போனதில்லை. "டீக்கறை மட்டும் சோபாவை விட்டுப் போகலக்கா" என்பான்.

போன வருஷம் ஒரு விடுமுறை நாள் காலையில் அவள் புருஷன் போய்ச் சேர்ந்தார். தூக்கத்திலேயே.

அதற்கப்புறம் அவள் துள்ளவில்லை. வீட்டுக்கு வந்து உட்கார்ந்த உறவுக்காரர்கள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "பல்லிக்குக் கத்துறவ, இதுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடல பாரு" என்று ஓர் அத்தை அடுத்தவள் காதில் சொன்னது இவள் காதிலும் விழுந்தது. விழுந்தது, அவ்வளவுதான். கொதிக்கிற கஞ்சி கையில் கொட்டியது மறுநாள் கொப்புளத்தைப் பார்த்துத்தான் ஞாபகம் வந்தது. அழைப்புமணி அடிக்கும். யாரோ வந்திருக்கிறார்கள் என்று தெரியும். எழுந்து போய்த் திறப்பாள். கடையில் கைப்பேசிகள் ஒவ்வொன்றாக வாயைத் திறந்தன. வேலை சுத்தமாக நடக்கிறது என்று முதலாளிக்கு உள்ளூரச் சந்தோஷம். யாராவது கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்பாள். பொய் சொல்வதாகவும் தோன்றாது.

சில மாதம் கழித்துத் தம்பி கூப்பிட்டான். போனாள். அதே சோபா, அதே டீ. கதவு வந்தது, உறுமல் வந்தது, அடியும் வந்தது. அவள் டீயை ஆற்றிக் குடித்துக்கொண்டிருந்தாள். தம்பி திரும்பிப் பார்த்தான். அந்த முகத்தைப் பார்த்ததும், இவன் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டோம் என்று அவளுக்குப் பட்டது. "தூக்கக் கலக்கம்டா, இன்னொரு தடவை போடு" என்றாள். இரண்டாம் தடவை தோளைத் தூக்கிப் போட்டு ஒரு துள்ளுத் துள்ளினாள். அவன் குறி வைத்தான். அப்படி ஆரம்பித்தது அந்த நடிப்பு. அடுத்தடுத்து வந்த ட்ரெய்லர்களுக்கும் அதே கதைதான்.

ஒரு நாள் மதியம் அவனுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு படியேறினாள். அறைக்கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே ஒரு தயாரிப்பாளர் நின்றுகொண்டே பேசிக்கொண்டிருந்தார்.

"போன படத்துக்கும் இப்படித்தான் உப்புச்சப்பில்லாம கொடுத்தீங்க. அடி விழ வேண்டிய இடத்துல விழ மாட்டேங்குது தம்பி. எனக்குக் கொட்டாவி வருது. வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். சரிப்படலைன்னா வேற ஆளை வெச்சு வெட்டிக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க."

தம்பி தலையை ஆட்டினான். "சரி சார்" என்றான். தயாரிப்பாளர் படியில் அவளைத் தாண்டிப் போனார். அவருக்கு அவள் யாரென்று தெரியாது.

உள்ளே போய்ச் சாப்பாட்டை வைத்தாள். சோபாவில் உட்கார்ந்தாள். குற்ற உணர்ச்சி வரவேண்டிய இடம் இது என்று அவளுக்குத் தெரிந்தது. காத்திருந்து பார்த்தாள். வரவில்லை. வராவிட்டாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லித்தானே ஆக வேண்டும்.

"டேய், எனக்கு இப்பல்லாம் தூக்கிப் போடறதே இல்லடா. உன்கிட்ட சும்மா நடிச்சேன். என்னை நம்பி நீ குறி வெச்சுட்டே. அதான் எல்லாம் கெட்டுப் போச்சு."

தம்பி சாப்பாட்டு மூடியைத் திறந்துகொண்டிருந்தான். நிறுத்தவில்லை.

"தெரியும்" என்றான்.

"என்ன தெரியும்?"

"நிஜமா துள்ளினா முதல்ல இமை அடிக்கும். அப்புறம்தான் கழுத்து, கை எல்லாம். உனக்குத் தோள் முதல்ல ஏறுது. உன் மூஞ்சியை இத்தனை வருஷமா ஓட்டி ஓட்டிப் பார்த்தவன்கா நான். முதல் தடவையே தெரியும்."

"அப்ப குறி?"

"நானே குத்துமதிப்பா வெச்சேன்."

"தெரிஞ்சுக்கிட்டே எதுக்குடா என்னைக் கூப்பிட்டே? வேற யாரையாவது உட்கார வெச்சிருக்கலாம்ல? பிழைப்பு போகப்போகுது."

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான். "வேற ஆளைக் கூப்பிட்டா நீ வர மாட்டே. வீட்டுக்குள்ளயே கெடப்பே. இங்க வந்தா எனக்காக நடிக்கவாவது செய்யறே. நடிக்கிறதுக்கும் கொஞ்சம் உயிர் வேணும்லக்கா."

அவனுக்குப் பேச்சை எங்கே கொண்டுபோவது என்று தெரியவில்லை. வழக்கம்போலக் கிண்டலில் போய் விழுந்தான்.

"ஆனா ஒண்ணு சொல்லவா? நடிப்புல நீ பூஜ்யம். கதையே தெரிஞ்சவ மாதிரி, ஒவ்வொரு தடவையும் அடி விழறதுக்கு முன்னாடியே துள்ளிடறே. சத்தமே இல்லாத இடத்துல எவளாவது துள்ளுவாளா? கொஞ்சம் பொறுத்துத் துள்ளியிருந்தா நானே ஏமாந்திருப்பேன்."

"வேணும்னுதான் முன்னாடி துள்ளினேன்."

"ஏன்?"

கடையில் ஒரு சின்னத் திருகாணி கீழே விழுந்தால் அசையாமல் உட்கார்ந்து தேடுவாளே, அப்படி உட்கார்ந்திருந்தாள். பிறகு காய்கறி விலை சொல்கிற குரலில் சொல்ல ஆரம்பித்தாள்.

"அன்னைக்குக் காலைல அவரை நான் திட்டினேன்டா. லீவுன்னா இப்படியா தூங்குறது, காபி ஆறுதுன்னு சமையல்கட்டுல இருந்தே கத்தினேன். பதில் இல்ல. வேணும்னே பண்றாருன்னு இன்னும் ரெண்டு திட்டு திட்டினேன். அப்புறம் வந்து தோளைத் தொட்டேன். சில்லுனு இருந்துச்சு. நான் துள்ளலடா. கத்தலை. அடுப்புல பால் இருக்கேன்னு தோணுச்சு. போய் அணைச்சேன். பொங்கினதைத் துடைச்சேன். துணியை அலசிக் காயப் போட்டேன். அப்புறம்தான் உனக்கு போன் பண்ணினேன்."

தம்பிக்கு அந்த போன் மறக்கவில்லை. மாமா எழுந்திருக்கலடா, கொஞ்சம் வந்துட்டுப் போ என்றாள். மளிகைச் சாமான் வாங்கி வரச் சொல்கிற குரல்.

"ஒரு பல்லிக்குக் கத்தியிருக்கேன். பாத்திரத்துக்குக் கத்தியிருக்கேன். அவருக்குக் கத்தலை. வாழ்க்கை பூரா என்னைத் துள்ள வெச்சுச் சிரிச்ச மனுஷன், அவருக்கு மட்டும் ஒண்ணுமே வரல. இப்ப உன் டமாருக்கு நிஜமா ஒரு துள்ளு வந்துடுச்சுன்னா என்ன அர்த்தம்? உடம்புல எல்லாம் இருந்திருக்கு, அவருக்குக் கொடுக்கலைன்னுதானே அர்த்தம்? இந்த சோபாவுல உட்கார்றப்பல்லாம் அது ஒண்ணுதான்டா எனக்குப் பயம். நீ சத்தத்தைப் பிடுங்கினதும், அடுத்து வரப்போகுதுன்னு தெரியும். அது வந்து என்னை உலுக்கறதுக்குள்ள நானே பொய்யா துள்ளிட்டா, நிஜம் வராதுன்னு பார்த்தேன்."

தம்பி கையைக் கழுவிவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். அழுகிறானோ என்று அவள் பார்த்தாள். அழவில்லை, மூக்கை மட்டும் உறிஞ்சினான்.

"வெள்ளிக்கிழமைக்கு வேணும்ல" என்றாள். "போடு. இந்தத் தடவை நடிக்கல. பார்த்துட்டுச் சொல்றேன்."

"வேணாம்கா. கீழ்வீட்டு டெய்லரம்மாவைக் கூப்பிட்டுக்கறேன்."

"போடுடா."

போட்டான். ஒரு வீடு, ஒரு சிரிப்பு. அடியில் உறுமல் கிளம்பியது. காமிரா கதவை நோக்கி ஊர்ந்தது. கை, படி, செருப்பு, கண், இருட்டு. கடிகாரம் ஓட்டம் பிடித்தது. அவள் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள். தோளைத் தூக்கவில்லை. சத்தம் அத்தனையும் சட்டென்று அறுந்தது. அவள் இமைக்காமல் காத்திருந்தாள்.

அடி வரவில்லை. திரையில் கதவு அப்படியே நின்றது. தம்பி விசையை அமுக்கி நிறுத்தியிருந்தான்.

"ஏன்டா நிறுத்தினே?"

நாள் முழுக்க ஊரைப் பயமுறுத்திச் சம்பாதிக்கிறவன், திரும்பாமலே சொன்னான். "எனக்குப் பயமா இருக்குக்கா."

அவள் சோபாவை விட்டு எழுந்தாள். அவன் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள். அவன் கையை விசையிலிருந்து எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, தானே அமுக்கினாள்.