மகள் என்னும் பதவி

தொழில் திணைக்களத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற என்னைத் தேடிக் குண்டசாலையில் பலரும் வருவார்கள். பெரும்பாலும் ஊழியர் சேமலாப நிதி விவகாரம்தான். அன்று வந்தவளுக்கு அப்படி ஒரு நிதி இருப்பதிலேயே அக்கறை இல்லை. நாவலப்பிட்டிப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். என் அடுத்த வீட்டில் இருக்கும் பெண்ணின் தங்கை.

அந்த அக்காவைத் தெருவே அறியும். பள்ளிக்கூடம் போகும் வயதில் தோட்டத்திலிருந்து அந்த வீட்டுக்குக் கொடுக்கப்பட்டவள், இப்போது தலை நரைத்துவிட்டது. விடியுமுன் முற்றம் கூட்டுவாள், கடைசியில் சாப்பிடுவாள். சம்பளமும் கிடையாது, லீவும் கிடையாது. வாசல் தாண்ட வேண்டுமென்றால் வீட்டம்மாவும் கூடப் போவார். வீட்டம்மா ஓய்வு பெற்ற ஆசிரியை, கோயில் காரியங்களில் முன்னிற்பவர். "அவ எங்க வீட்டுப் பிள்ளை" என்று அவர் சொல்லும்போது கேட்பவர்களுக்குக் கண் கலங்கும்.

"அம்மா படுத்த படுக்கையாக் கெடக்குதுங்கய்யா" என்றாள் தங்கை. "கண்ண மூடுறதுக்குள்ள பெரிய புள்ள பக்கத்துல இருக்கணும்னு கேக்குது. இவுங்ககிட்ட கேட்டா தீவாளி முடியட்டும்னாங்க. இப்ப தைப்பொங்கல் முடியட்டும்ங்கிறாங்க."

"அக்கா என்ன சொல்லுது?"

"அம்மா வுட்டா வாறேங்குது. எந்த அம்மான்னு நான் கேக்கல."

தொழில் திணைக்களத்துக்கு ஒரு முறைப்பாடு எழுதிக் கொடுத்தேன். அலவத்துகொடையில் இருக்கும் நண்பர், முன்னாள் பாடசாலை அதிபர், அதை வாசித்துவிட்டுச் சிரித்தார். "வேர்வை காயுறதுக்கு முந்தி கூலியக் குடுக்கச் சொல்லி எங்கட மார்க்கத்தில ஈக்கிது. உங்கட பக்கத்தில என்ன ஈக்கிது?"

"உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்றேன்.

"அப்ப முடிஞ்சிச்சி! உப்புப் போட்டது ஆரு, தின்னது ஆரு எண்டு மட்டும் கேப்பாங்க. சமைச்சது ஆரெண்டு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க."

விசாரணைக்கு வந்த தொழில் அதிகாரி இளம் சிங்களப் பெண், நல்லவள். மனிதரை விற்பதும் வாங்குவதும் ஆகாது என்று புத்தர் சொன்னதை வழியிலேயே எனக்கு எடுத்துச் சொன்னாள். ஆக மூன்று சமயங்களும் எங்கள் பக்கம். சர்வதேச உடன்படிக்கைகளும் எங்கள் பக்கம். இவ்வளவு பலத்தோடு நான் எந்த விசாரணைக்கும் போனதில்லை.

நாங்கள் உள்ளே போனபோது தங்கை ஏற்கெனவே வந்திருந்தாள். மேசையில் ஒரு பலாப்பழம், ஒரு சீப்பு வாழைப்பழம், காகிதத்தில் சரை கட்டிய தேயிலைத்தூள். மலைநாட்டில் ஒரு வீட்டு வாசலை வெறுங்கையோடு மிதிப்பவர்கள் இல்லை, அது வழக்குப் போட்ட வீடாக இருந்தாலும்.

வீட்டம்மா பலாப்பழத்தைத் தடவினார். "பாருங்க மிஸ். சொந்தம்னு பழம் தூக்கிட்டு பஸ்ல வந்திருக்கா. வேலைக்கு வச்சிருக்கிறவங்களுக்கு யாராவது பழம் கொண்டாருவாங்களா?" பிறகு தங்கையிடம், "ஏன்டி, நான் உனக்கு யாரு?"

தங்கை என்னைப் பார்த்தாள், அதிகாரியைப் பார்த்தாள். வந்த இடத்தில் ஒருவரைச் சபையில் சிறுமைப்படுத்தவும் அவளுக்குக் கற்றுக்கொடுத்திருக்கவில்லை. "பெரியம்மா" என்றாள்.

அதிகாரி அக்காவின் பக்கம் திரும்பினாள். அவளுக்குக் கதிரை கொடுக்கும்படி நான் சொன்னேன். கொடுத்தும் அவள் உட்காரவில்லை. "நீங்கள் இங்கே வேலை செய்கிறீர்களா? அம்மாவிடம் போக விருப்பமா?" என்ற கேள்விகளை நான் தமிழில் சொன்னேன்.

அவள் கோப்பைகளை எங்கள் பக்கம் நகர்த்தினாள். "தேத்தண்ணி ஆறுதுங்க, குடிங்க" என்றாள்.

வெளியே வந்து அதிகாரி செருப்பை மாட்டிக்கொண்டாள். "வேலை செய்கிறேன் என்று அவர் வாயால் வந்தால் ஏதாவது முயலலாம் சேர். மகள்களுக்கு எங்களிடம் சட்டம் இல்லையே."

"பொலிஸ்?"

"அடைத்து வைத்தார்கள் என்றாவது சொல்ல வேண்டும். கதவு திறந்துதானே கிடந்தது."

திறந்துதான் கிடந்தது. அதை அக்காதான் தினமும் துடைக்கிறாள்.

தைப்பொங்கல் வருமுன்பே தாய் இறந்துபோனாள். நான் தோட்டத்துக்குப் பஸ்ஸில் போனேன். வீட்டம்மா வேன் பிடித்து அக்காவைக் கூட்டி வந்தார். வரிசை வீடுகளான லயத்தின் வாசலில் கதிரை போட்டு அவரை உட்கார வைத்தார்கள். எல்லாரையும்விட அவர்தான் சத்தமாக அழுதார். "சொந்தப் புள்ள மாதிரி வளத்து, சாவுக்கும் கூட்டியாந்திருக்காங்க, மகராசி" என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

வாய்க்கரிசிக்கு மூத்த மகளைக் கூப்பிட்டார்கள். அவள் அங்கே இல்லை. வீட்டம்மாவின் மாத்திரைக்குச் சுடுதண்ணீர் வேண்டி, துக்க வீட்டில் அடுப்பு எரியாது என்பதால், கடைசி லயம் வரை பிளாஸ்க்கோடு போயிருந்தாள். திரும்பி வந்து, ஒரு கையில் பிளாஸ்க்கைப் பிடித்தபடியே மறு கையால் அரிசியை இட்டாள்.

பிரேதத்தைத் தூக்கியதும் வேன் புறப்படத் தயாரானது. முதலில் வீட்டம்மாவை ஏற்றிக் கதவைச் சாத்திவிட்டு, அக்கா பின்னால் ஏறிக்கொண்டாள். தங்கை வாசலிலேயே நின்றாள்.

"ஒண்ணும் சொல்லாமப் போயிருச்சுங்கய்யா" என்றாள் என்னிடம்.

துக்க வீட்டில் யாரும் போய்வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு போவதில்லை. நானும் சொல்லாமல்தான் இறங்கி வந்தேன்.