என் எச்சிலில் குறையில்லை

உணவியல் படிப்பின் முதலாண்டில் மற்றவர்கள் ஆங்கிலத்தில் தோற்றார்கள், கணக்கில் தோற்றார்கள். நான் எச்சிலில் தோற்றேன். உயிர்வேதியியல் செய்முறைத் தேர்வில் சொந்த வாயே காலை வாரிவிட்டது. மறுதேர்விலும் தவறினால் இரண்டாம் ஆண்டுக்குள் விடமாட்டார்கள். பையைத் தூக்கிக்கொண்டு ஜீப் பிடித்து, மலைமேல் எங்கள் ஊரான புதூர்நாட்டில் சாமைக்குக் களையெடுக்கப் போகவேண்டியதுதான்.

சோதனை எளிது. மாவுச்சத்துக் கரைசலில் அயோடின் விட்டால் கருநீலமாகும். எச்சிலைக் கலந்து சற்று நேரம் வைத்தால், அதிலுள்ள நொதி மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைத்துவிடும். அப்புறம் அயோடின் விட்டால் நீலம் வராது, அயோடினின் மஞ்சள்தான் நிற்கும். எல்லோருக்கும் நின்றது. எனக்கு மட்டும் மயில் கழுத்து நீலம்.

இத்தனைக்கும் எச்சில் சேர்ப்பதில் வகுப்பிலேயே நான்தான் முதல். மற்றவர்கள் நாக்கைச் சுழற்றித் துளித்துளியாகத் துப்பும்போதே என் சோதனைக்குழாய் நிரம்பிவிடும். தொழில் ரகசியம் வேறொன்றுமில்லை. ஊரிலிருந்து வரும் புளியை உப்பும் மிளகாயும் வைத்து இடித்து, உருட்டிக் கன்னத்தில் அடக்கிக்கொள்வேன். வாய் ஊற்றாகிவிடும்.

"இன்னாடா உன் எச்சில்ல சரக்கே இல்ல?" என்றான் கண்ணமங்கலத்து அறைத்தோழன். "வெறும் தண்ணியா ஊறுது. எங்க வூட்டு மாடு இதவிட நல்லா வுடும்."

நம்பிவிட்டேன். நொதி சுரக்காத அபூர்வப் பிறவி நான் என்று டாக்டரைப் பார்க்கவும் தயாரானேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மறுதேர்வு நெருங்கியபோது, ஒரு மதியம் பாடப் புத்தகத்தில் ஒரு செய்தி கண்ணில் பட்டது. உணவு இரைப்பைக்குள் இறங்கியதும் அங்குள்ள அமிலம் எச்சில் நொதியின் வேலையை நிறுத்திவிடுமாம். அமிலம்! கன்னத்தில் கிடந்த உருண்டையை நாக்கால் மெல்லத் தொட்டுப் பார்த்தேன். என் நொதிக்கு ஒரு குறையும் இல்லை. அதை நானே ஊறுகாய் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

தேர்வு நாளில் புளி பக்கமே போகவில்லை. அப்படியும் சந்தேகம் தீராமல் வாய் கொப்பளித்துக்கொண்டே இருந்தேன். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அம்மா எட்டிப் பார்த்தார்.

"பல்லு வலியாப்பா?"

"இல்லீங்க மேடம், முன்னேற்பாடுங்க."

எச்சில் கலந்த கரைசலிலிருந்து சில நிமிடத்துக்கு ஒரு துளியாக எடுத்து, பீங்கான் தட்டின் குழிகளிலிருந்த அயோடினில் விட்டேன். முதல் துளி நீலம். அடுத்தது ஊதா. அதற்கடுத்தது செம்பழுப்பு. கடைசியில் மஞ்சள், அப்பழுக்கில்லாத மஞ்சள்! வெள்ளைப் பீங்கான் தட்டை அப்படியே தலையில் வைத்துக்கொண்டு ஆடலாம் போலிருந்தது.

"இதுக்கும் நாம சாப்பிடறதுக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்று கேட்டார்.

"சாமச் சோத்த வெறுமன மென்னுகினே இருந்தா இனிக்குங்க மேடம். அந்தச் சக்கர வாயிலயே தயாராவுது. செரிமானம் அங்கியே ஆரம்பிச்சிடுதுங்க. மெல்லாம முழுங்கினா மொத்த வேலையும் கொடலு தலையில விழுந்துடும்."

"புளிக்கொழம்பு ஊத்திக்கிட்டா?"

"மந்தமாயிடுங்க. அதுல எனக்கு நல்ல அனுபவமுங்க."

அவர் சிரித்துவிட்டார். தேர்ச்சி பெற்றேன், செய்முறையில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண்ணோடு! அம்மாவுக்கு போன் போட்டு, எச்சில் துப்பியே பாஸ் பண்ணிய கதையைச் சொன்னேன்.

"இங்க துப்பினா ஒதைப்பாங்க. அங்க மார்க்கா போடறாங்க?"

"ஆமாம்மா."

"அப்ப இன்னும் நல்லா துப்புடா!"