தேக்காவில் இரண்டு மேசைகள்

மகனுக்கும் மருமகளுக்கும் விவாகரத்து ஆன கொஞ்ச நாளிலிருந்து எட்டு மாதம் பேத்தியை நாங்கள் பார்க்கவில்லை. பிள்ளை தாயோடு சிங்கப்பூரின் இன்னொரு மூலையில், செங்காங்கில் இருந்தது. மகன் வேலைக்காக ஆஸ்திரேலியாவுக்கு, பெர்த் போய்விட்டான். கிளமெண்டி வீட்டில் நானும் மனைவியும் மட்டும்.

மருமகள் பிள்ளையை அனுப்ப மறுத்ததற்குக் காரணம் இருந்தது. மகன் புதன்கிழமை மாலைகளில் பிள்ளையோடு கைப்பேசியில் பேசலாம் என்று இருவருக்கும் இடையே ஏற்பாடு. ஆனால் பிள்ளை எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் என் மனைவி கைப்பேசியில் அவனை அழைத்துப் பிள்ளையிடம் கொடுத்துவிடுவாள். அங்கே அவன் அழுவான், இங்கே இது அழும். செங்காங் திரும்பியபின் பிள்ளைக்குத் தூக்கம் வராதாம். மூன்றாவது முறைக்குப் பிறகு மருமகள் அனுப்புவதை நிறுத்திவிட்டாள்.

சமூக மன்றத்தில் இலவசமாகச் சட்ட ஆலோசனை சொன்ன இளம் வழக்கறிஞரிடம் போனோம். தாத்தா பாட்டி என்பதற்காகவே உரிமை தானாக வந்துவிடாது, நீதிமன்றத்துக்குப் போனாலும் பிள்ளைக்கு எது நல்லது என்றுதான் பார்ப்பார்கள் என்றார். பிறகு, "சார், பிள்ளையோட அம்மாகிட்ட நேரா கேட்டீங்களா?" என்றார்.

நாங்கள் கேட்டிருக்கவில்லை. அன்று மாலையே மருமகளுக்குச் செய்தி எழுதினேன். எழுதி எழுதி அழித்து, கடைசியில் மூன்று வரி மிஞ்சியது. மறுநாள் பதில் வந்தது. "எவ்ரி சண்டே பத்து மணி, தேக்கா. டான்ஸ் கிளாஸ் முடிஞ்சு கூட்டிட்டு வர்றேன். ஒரு மணி நேரம். நானும் இருப்பேன். ஃபோன் மட்டும் வேணாம் அங்கிள்."

மாமா போய் அங்கிள் வந்திருந்தது. இந்த ஊரில் டாக்சி ஓட்டுபவரும் அங்கிள்தான். ஆனாலும் அந்தப் பதிலை நான் எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

ஞாயிறன்று ரயிலை விட்டு இறங்கியதும் மனைவியிடம், "ஃபோனை அணைச்சிட்டியா?" என்றேன்.

"அணைச்சாச்சு. தொணதொணன்னு கேட்காதீங்க."

தேக்கா உணவங்காடியில் நல்ல கூட்டம். அடுத்தடுத்த இரண்டு மேசைகளில் டிஷ்யூ பாக்கெட் வைத்து மருமகள் இடம் பிடித்திருந்தாள். எங்களுக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று. நடுவில் ஓர் ஆள் நடக்கும் இடைவெளி.

பேத்திக்கு முன்பல் இரண்டு விழுந்திருந்தது. அதைத்தான் முதலில் பார்த்தேன்.

"ரெண்டு பல்லைக் காணோமே?"

"மூணு! பின்னாடி ஒண்ணு இருக்கு, பாருங்க. நீங்க இன்னும் எல்லாத்தையும் கவுண்ட் பண்ணுவீங்களா தாத்தா?"

"உங்க தாத்தா தோசையில இருக்கற ஓட்டையக்கூட எண்ணுவாரு" என்றாள் மனைவி. பிள்ளை உடனே தன் தோசையை எண்ண ஆரம்பித்தது.

பத்தேமுக்காலுக்கு மனைவியின் கைப்பையில் கைப்பேசி ஒலித்தது. மகனுக்கென்று தனியாக வைத்த பாட்டு அது. பிள்ளையின் கை தோசையிலேயே நின்றுவிட்டது.

"அப்பாவா தாத்தா?"

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் கைப்பையைப் பார்த்தாள். "ஒரு வார்த்தை பேசினா என்னங்க குறைஞ்சிடும்?" என்று முணுமுணுத்தாள். கைப்பேசியை அவள் அணைக்கவே இல்லை; எத்தனை மணிக்கு எங்கே இருப்போம் என்பதையும் அவளே அவனிடம் சொல்லியிருந்தாள்.

பக்கத்து மேசையில் மருமகள் கோப்பையைக் கீழே வைத்தாள். இது கடைசி ஞாயிறு என்றே நினைத்தேன். கைப்பையைத் திறந்து, அடித்துக்கொண்டிருந்த கைப்பேசியை எடுத்துப் போய் அவள் முன்னால் வைத்தேன்.

"அவன்தான்மா கூப்பிடுறான். உன்னைக் கேட்காம எடுக்க மாட்டோம்."

அவள் தொடவில்லை. அடித்து ஓய்ந்தது.

"யார் சொன்னது அவர்கிட்ட?"

"நான்தான்" என்றாள் மனைவி, பின்னால் வந்து நின்று. "நான்தான்மா சொன்னேன். இவரைத் திட்டாதே."

மருமகள் பிள்ளையைக் கூப்பிட்டாள். "அப்பாகிட்ட வெட்னஸ்டே பேசுவோம், சரியா? இன்னிக்குப் பாட்டி தாத்தா டே லா. போய்ச் சாப்பிடு." மனைவியிடம் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. ஒரு மணி நேரம் முடிந்ததும் அழைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அந்த வாரம் முழுவதும் செய்தி எதுவும் இல்லை. வர வேண்டாம் என்றும் சொல்லவில்லையே என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன். மனைவி தன் கைப்பேசியை வீட்டிலேயே, தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தாள். நான் எதுவும் கேட்கவில்லை.

அவர்கள் இருந்தார்கள். நால்வர் உட்காரும் மேசை. இரண்டாவது டிஷ்யூ பாக்கெட்டைத் தேடினேன். பக்கத்து மேசையில் ஒரு சீனக் குடும்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. எங்கள் மேசையில் ஒரே ஒரு பாக்கெட்.

"உட்காருங்க ஆன்ட்டி" என்று மருமகள் எழுந்தாள். "அங்கிள், உங்களுக்குத் தே ஹாலியாதானே? இஞ்சி தூக்கலா? இவளைக் கொஞ்சம் பார்த்துக்குங்க, வாங்கிட்டு வந்துடறேன்."

அவள் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போய் டீக்கடை வரிசையில் நின்றாள். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பிள்ளை என் மடிமேல் ஏறிக்கொண்டது.

அவளுக்கு முன்னால் பதினொரு பேர் நின்றார்கள். இன்னும் கொஞ்சம் பேர் நின்றிருந்தாலும் பரவாயில்லை.