பூநாரைக் கூட்டத்து மேல ட்ரோன் விட்ட என் பக்கத்து வீட்டுக்காரர்

இன்னைக்குக் காலையில, மாரெட்பள்ளியில எங்க அபார்ட்மெண்ட் லிஃப்ட்டுக்கு நின்னுட்டிருந்தேன். பக்கத்து வீட்டு சார் போனை நீட்டினார். மூணு தலைமுறையா இங்க செகந்திராபாத்லயே இருக்கற தமிழ்க் குடும்பம் அவரோடது.

"உங்க ஊர் ஏரிக்குப் போயிருந்தேன்மா, பாருங்க!"

என் ஊர் பழவேற்காடு. வீடியோல எங்க ஏரி. சேத்துத் தண்ணியில தலையைக் கவுத்து மேஞ்சிட்டிருந்த பூநாரைங்க, திடீர்னு மொத்தமா அலறியடிச்சு எழும்புது.

"சும்மா நின்னா ஷாட் நல்லாருக்காதே! ட்ரோனைத் தலைக்கு மேலயே இறக்கினேன். நாலு தடவை!"

எனக்குப் பத்திக்கிட்டு வந்தது. எங்கப்பா அந்த ஏரியில மீன் பிடிக்கறவர். பூநாரைக் கூட்டத்தைப் பார்த்தா இன்ஜினை நிறுத்திட்டு, கழியை ஊன்றிச் சுத்திக்கிட்டுப் போவார்.

"அது சரணாலயம் சார். சாப்பிடறதை விரட்டிட்டுப் பெருமை வேறயா?"

"எதுக்கும்மா டென்ஷன்? பறவைன்னா பறக்கத்தானே செய்யும்!"

போன ஞாயித்துக்கிழமை பக்கத்து மண்டபத்துக் கல்யாண ட்ரோன் இவர் பால்கனிக்கிட்ட வந்ததுக்கு, அபார்ட்மெண்ட் குரூப்ல குதிச்சவர் இதே ஆள்தான்: "குடும்பத்தோட சாப்பிட்டுட்டிருக்கோம். தலைக்கு மேல வந்து நிக்கறீங்களே, கொஞ்சமாவது இங்கிதம் இருக்கா?"

இப்ப அதே குரூப்ல பூநாரை வீடியோ போட்டிருக்கார். ஆளாளுக்கு ஹார்ட் விடறாங்க.

அவரோட அந்தப் பழைய மெசேஜை ஒரு எழுத்து மாத்தாம எடுத்து, வீடியோவுக்குக் கீழ ஒட்டினேன். பூநாரைங்க சார்பா.

குரூப்லேருந்து என்னைத் தூக்கறதுக்குள்ள ஸ்கிரீன்ஷாட் வேணுங்கறவங்க சொல்லுங்க.