பொங்கல்படியில் வந்த ஃபயர்வால்

எங்கள் வீட்டுக் கணினி பொங்கல்படிச் சீராக வந்தது. மருமகளின் தலைப்பொங்கலுக்கு ஆழ்வார்குறிச்சியிலிருந்து சம்பந்தி வேன் பிடித்து வந்து இறங்கினார். கரும்புக்கட்டு, மஞ்சள்குலை, பச்சரிசி, வெல்லம், வெண்கலப் பானை, சிறுகிழங்கு, சேனை. எல்லாம் இறங்கி முடிந்தபின் கடைசியாக ஒரு பெரிய அட்டைப்பெட்டி. அதன் மேல் தாம்பாளத்தில், வெற்றிலை பாக்கோடு, ஒரு சின்னப் பெட்டி. பெட்டிக்கு மூலையில் மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்திருந்தார்.

“பெரிசு கம்ப்யூட்டர். சின்னது ஆன்டிவைரஸ், ஃபயர்வால் எல்லாம் சேந்தது. வருசா வருசம் புதுப்பிக்கணும். அதுவும் பொங்கப்படியோட வந்திரும், கேட்டியளா சம்மந்தி,” என்றார்.

கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் அரைகுறையாக விடமாட்டார். சாப்பாட்டுக்கு உட்காரும் முன்னே தன் கையாலேயே அதைக் கணினியில் ஏற்றி, யாரும் தெரியாமல் எடுத்துவிடாதபடி ஒரு ரகசியச் சொல்லும் போட்டுப் பூட்டினார். “பிள்ளைங்க வந்தா போனா தட்டிரக் கூடாதுல்லா,” என்றார். வீட்டில் பிள்ளைகள் யாரும் கிடையாது. நானும் என் மனைவியும் மருமகளும்தான். மகன் பெங்களூரில்.

அவர் வேன் தெருமுனை திரும்பியதும் நான் உட்கார்ந்து என்னுடைய ஆன்டிவைரஸையும் ஏற்றினேன். அவருடையதில் நம்பிக்கை இல்லாமல் அல்ல. என்னுடையது பல வருடப் பழக்கம். விக்கிரமசிங்கபுரத்தில் மில் ஃபிட்டராக இருந்தபோதே, ஓட்டை உடைசல் கணினிகளைப் பிரித்துப் பிரித்து நானாகக் கற்றுக்கொண்டவன் நான். அந்தக் காலத்திலிருந்து என்னோடு வருவது அது. ஏற்றும்போது, “ஏற்கெனவே வேறொரு பாதுகாப்பு இருக்கிறது, தொடரவா?” என்று கேட்டது. வீட்டுக்கு இரண்டு தாழ்ப்பாள் போடுவதில்லையா, தொடரச் சொன்னேன்.

அதன் பிறகு கணினி கொஞ்சம் பையத்தான் நடந்தது. என் மனைவி ஒருநாள் பார்த்துவிட்டு, “என்னங்க, இது மாசமா இருக்கவ மாதிரி மூச்சு வாங்குது,” என்றாள். அவள் வாயில் இப்படி ஏதாவது வந்துகொண்டே இருக்கும். நான் அதையெல்லாம் மனதில் போட்டு வைத்துக்கொள்வேன், கணினியைக் கவனிக்க மாட்டேன்.

மருமகளுக்கு ஒரு வேலைக்கான தேர்வு வந்த நாளில்தான் விஷயம் முற்றியது.

பெங்களூரில் ஒரு கம்பெனி. மகன் வேலை பார்க்கும் இடத்துக்குப் பக்கத்துத் தெரு. கல்யாணமான நாளிலிருந்து அவன் அங்கே நண்பர்களோடு ஓர் அறையில், இவள் இங்கே எங்களோடு. இந்த வேலை கிடைத்தால் இருவரும் ஒரு வீடு பார்த்து ஒன்றாக இருக்கலாம். தேர்வை வீட்டிலிருந்தே எழுதலாம், ஆனால் கணினியில்தான் எழுத வேண்டும், செல்போன் ஆகாது. கேமரா ஓட வேண்டும், அறையில் வேறு ஆள் இருக்கக் கூடாது. பதினொரு மணிக்குள் உள்ளே நுழையாவிட்டால் அவ்வளவுதான், மறுவாய்ப்பு கிடையாது. அவள் எங்களிடம் இதைச் சொன்னபோது குரலில் எந்த ஏற்ற இறக்கமும் இல்லை. ஆனால் அன்றைக்கு இட்லி ஒன்றோடு எழுந்துவிட்டாள்.

கம்பெனி அனுப்பியிருந்த தேர்வு மென்பொருளைக் காலையிலேயே திறந்து பார்த்தோம். ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு, “இணைப்பு தடுக்கப்பட்டுள்ளது. உங்கள் ஃபயர்வாலைச் சரிபார்க்கவும்,” என்று வந்தது.

“எந்த ஃபயர்வால மாமா சொல்லுது?” என்றாள் மருமகள்.

அதுதானே எனக்கும் தெரியவில்லை. மில்லில் நூல் அறுந்தால் எந்த இடத்தில் அறுந்தது என்று கண்ணில் தெரியும். கை வைத்து முடிச்சுப் போடலாம். இங்கே தடுக்கிறவனும் தெரியவில்லை, தடுக்கப்படுகிறவனும் தெரியவில்லை. திரை மட்டும் பளிச்சென்று இருந்தது.

முதலில் என்னுடையதை நிறுத்தினேன். மூலையில் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி வந்து, “ஆபத்து” என்றது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, அம்பாசமுத்திரத்தில் எனக்குப் பழக்கமான கணினி மெக்கானிக்கைக் கூப்பிட முற்றத்துக்குப் போனேன். எங்கள் வீட்டில் கணினிக்குக் கம்பி வழியாக இன்டர்நெட் உண்டு, செல்போன் சிக்னல் முற்றத்தில்தான் கிடைக்கும்.

“அண்ணாச்சி, உங்களோடத நிறுத்தியாச்சுன்னா போயிப் பாருங்க, ஓடும்,” என்றான்.

போய்ப் பார்த்தேன். ஓடவில்லை. நிறுத்திய என்னுடைய ஃபயர்வால் தானாக ஓடிக்கொண்டிருந்தது. பச்சை டிக் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தது.

மறுபடி நிறுத்தினேன். மறுபடி முற்றம். “தம்பி, நிறுத்துனது தானா எந்திரிச்சிட்டு வே.”

“தானா எந்திரிக்காதே அண்ணாச்சி. இன்னொரு தடவ நிறுத்துங்க.”

உள்ளே போனால் அது மறுபடி எழுந்து உட்கார்ந்திருக்கிறது. மருமகள் தன் அறையில் சான்றிதழ்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். கணினி இருந்த அறையில் யாருமில்லை. மறுபடி கூப்பிட்டபோது மெக்கானிக்கும் குழம்பிப்போய், “வைரஸ் ஏதும் உள்ள பூந்து, ஒங்க ஃபயர்வால வேலைக்கு வச்சிருக்கோ என்னமோ,” என்று ஒரு போடு போட்டான். வைரஸே காவலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் நான் யாரைப் பிடித்துக் கேட்பது?

மறுபடியும் நிறுத்தினேன். இந்தத் தடவை முற்றத்துக்குப் போகாமல் கதவோரத்திலேயே நின்றேன். அடுப்படியிலிருந்து என் மனைவி வந்தாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். குனிந்து திரையைப் பார்த்தாள். மவுஸைப் பிடித்து, பச்சைப் பொத்தானை ஒரு அமுக்கு. டிக் வந்ததும் நிம்மதியாகத் திரும்பினாள்.

“ஏட்டி! நீயா?”

“என்ன நானா?”

“அத ஏன் அமுக்குத?”

“செவப்பா இருந்துச்சு, அமுக்குனேன். தெனமுந்தான அது செவப்பாவுது, தெனமுந்தான அமுக்குதேன். பச்சையத்தான அமுக்குனேன், செவப்பையா அமுக்குனேன்?” என்றாள். “புள்ள பரீச்ச எழுதப் போற அன்னைக்கு ஆபத்து ஆபத்துன்னு எழுதிக்கிட்டு நிக்கு. பாத்துக்கிட்டு எப்படி இருக்கது?”

எத்தனையோ மாதமாக விளக்கேற்றுகிற மாதிரி இதையும் செய்து வந்திருக்கிறாள். எனக்குத் தெரியாது. அவள் சொல்வதிலும் ஒரு நியாயம் இருப்பதாகவே பட்டது, அதுதான் குழப்பம்.

அவளை அடுப்படிக்கு அனுப்பிவிட்டு என்னுடையதை நிறுத்திப் பார்த்தேன். அப்போதும் வட்டம்தான் சுற்றியது. அதாவது சம்பந்தியுடையதும் தடுக்கிறது.

முற்றத்துக்குப் போய்ச் சம்பந்தியுடையதைப் பற்றியும் சொன்னதும் மெக்கானிக் தெளிவாகிவிட்டான். “ரெண்டு வச்சிருக்கியளா? அண்ணாச்சி, ஒரு வாசல்ல ரெண்டு வாட்ச்மேன நிறுத்துனா, வார ஆள விட்டுட்டு அவனுவளுக்குள்ளயே ஒருத்தன ஒருத்தன் மறிச்சிக்கிட்டு நிப்பானுவ. நிறுத்துனா பத்தாது. ரெண்டையும் கழத்திப் போட்டுட்டு ஒரு தடவ அணைச்சுப் போடுங்க. கம்ப்யூட்டர்லயே சொந்தமா ஒண்ணு உண்டு, அது போதும்.”

“சொந்தமா உண்டா?”

“உள்ளயே இருக்கு. நீங்க ரெண்டு விருந்தாளிய உள்ள விட்டதும் அது ஒதுங்கிக்கிட்டு.”

கழற்றுவது எனக்குத் தெரியும். ஆனால் சம்பந்தியுடையதைக் கழற்ற அவர் போட்ட ரகசியச் சொல் வேண்டும். அது தெரிந்திருந்தாலுமே என் கை துணிந்திருக்குமா என்று தெரியவில்லை. மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்துக் கொண்டுவந்த பொருள். பெண்வீட்டார் கொண்டுவந்த பானையை வேண்டாமென்று தெருவில் வைப்போமா? மருமகள் பக்கத்தில் நின்றாள். அவளுக்கும் அதே சங்கடம். அப்பா போட்டதை எடுங்கள் என்று மாமனாரிடம் எப்படிச் சொல்வது? நாங்கள் இருவரும் திரையையே பார்த்தோம், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. சுவர்க் கடிகாரம் பத்தைத் தாண்டியிருந்தது.

“ஒங்க அப்பாவுக்கு ஒரு போன் போடுவோமா?” என்றேன்.

“அப்பா திருச்செந்தூர் போயிருக்காவ மாமா. போன் அணஞ்சிருக்கும்.”

“இன்னைக்குப் பாத்து ஏன்?”

“நான் பரீச்ச எழுதுதேன்லா. அதுக்கு அர்ச்சனை பண்ணப் போயிருக்காவ.”

பரீட்சைக்கு வேண்டிக்கொள்ளப் போனவர், பரீட்சையின் சாவியையும் கையோடு கொண்டு போயிருக்கிறார். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை வேறு. முருகன் சன்னதியில் என்ன கூட்டம் இருக்கும் என்பதை நினைக்கவே பயமாக இருந்தது. முற்றத்தில் நின்று மாற்றி மாற்றிக் கூப்பிட்டோம். ஒவ்வொரு தடவையும் அணைந்திருப்பதாகவே குரல் வந்தது. மருமகள் விரல்நகத்தைக் கடிக்க ஆரம்பித்தாள். என் மனைவி எட்டிப் பார்த்து, “அங்கன முருகன் கேட்டுக்கிட்டு இருக்கான், இங்கன மெஷின் கேக்கலியே,” என்றுவிட்டுப் போனாள்.

பத்தரைக்கு மேல் அவராகவே கூப்பிட்டார். கடல் இரைச்சல் கேட்டது.

“சம்மந்தி! தரிசனம் நல்லா ஆச்சா?” என்றேன். எடுத்த எடுப்பில் விஷயத்துக்கு எப்படிப் போவது?

“நல்லா ஆச்சு. நல்ல கூட்டம். அங்கன எல்லாரும் சௌக்கியமா?”

“சௌக்கியம். நாழிக்கிணத்துக்குப் போனியளா?”

“இனிமேத்தான். புள்ள எழுத உக்காந்துட்டாளா?”

“உக்காருதா, உக்காருதா. கம்ப்யூட்டர்ல ஒரு சின்ன இது...”

“ஏன், நம்ம ஆன்டிவைரஸ் நல்லாத்தான வேல செய்யுது?”

“நல்லா செய்யுது. ரொம்ப நல்லா செய்யுது,” என்றேன். பொய்யில்லை. அதுதானே பிரச்சினை.

மருமகள் கையை நீட்டினாள். நான் போனைக் கொடுக்கவில்லை, அவளாகவே எடுத்துக்கொண்டாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

“அப்பா, நீங்க போட்டத எடுக்கணும். அந்தச் சொல் என்ன?”

“மாமா என்ன நினைப்பாவ?” என்று மெதுவாகக் கேட்டார். முற்றத்தின் அமைதியில் எனக்கும் கேட்டது.

“மாமா பக்கத்துலதான் நிக்காவ. அவுகளும் அவுகளோடத எடுக்கப் போறாவ.” சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். வந்த நாளிலிருந்து என்னை அப்படி நேருக்கு நேராக அவள் பார்த்ததில்லை. “எடுப்பியள்லா மாமா?”

தலையாட்டினேன். பல வருடப் பழக்கம் ஒரு தலையாட்டலில் போயிற்று.

அவர் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். அவள் போனைக் காதில் இடுக்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். வழியில் அது துண்டித்துக்கொண்டது, ஆனால் சொல் அவள் மனதில் தங்கிவிட்டது. நான் உட்காரப் போன நாற்காலியை, “மாமா, நான் பாக்குதேன்,” என்று இழுத்துக்கொண்டாள். அவர் போட்டது போயிற்று. நான் போட்டது போயிற்று. அணைத்துப் போட்டதும் திரை எழுந்து வர எடுத்துக்கொண்ட நேரத்தில் நான் செந்தூர் முருகனுக்கும் சேர்த்துச் சொல்லிவைத்தேன். எழுந்து வந்தது. மெக்கானிக் சொன்ன அந்தச் சொந்தக் காவல், யாரும் கூப்பிடாமல், தானே வந்து மூலையில் நின்றது. இவ்வளவு நாள் எங்கே இருந்தது, ஏன் ஒரு வார்த்தை பேசவில்லை, எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

வட்டம் சுற்றியது. நின்றது. கேமராவில் மருமகளின் முகம் தெரிந்தது. அவள் எங்களை வெளியே போகச் சொன்னாள். கதவைச் சாத்தும் முன், “அத்த, உள்ள என்ன நிறத்துல என்ன வந்தாலும் வராதிய,” என்றாள்.

“நான் ஏன் வாரேன்?” என்று என் மனைவி வாசலில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். பால்காரர் மணி அடித்ததற்கு விரலை உதட்டில் வைத்துச் சைகை காட்டினாள். என்னை இருமக்கூட விடவில்லை.

வேலை கிடைத்தது. போன மாதம் மகன் வந்து அவளை அழைத்துப் போனான். கணினியை எங்களுக்கே விட்டுவிட்டுப் போனாள். அந்த வாரமே சம்பந்தி கூப்பிட்டார். சுற்றி வளைத்து மழை, அறுவடை எல்லாம் பேசிவிட்டு, “சம்மந்தி, இந்தப் பொங்கலுக்கு அந்தச் சின்னப் பெட்டி... வாங்கணுமா?” என்று கேட்டார்.

வேண்டாம் என்றால் சீரை வேண்டாம் என்றது போலாகும். வேண்டும் என்றால் மறுபடி முற்றத்தில் நிற்க வேண்டும். போனை மனைவியிடம் கொடுத்தேன்.

“தாராளமா வாங்கிட்டு வாங்க அண்ணே,” என்றாள் அவள். “மஞ்ச குங்குமம் வச்சிக் கொண்டாங்க. தட்டுல இருக்கட்டும். உள்ள மட்டும் போட மாட்டோம்.”

அவர் சிரித்த சத்தம் முற்றம் முழுக்கக் கேட்டது. கோபமா, சம்மதமா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. கேட்டால் என் மனைவி, “ரெண்டுந்தான்,” என்கிறாள்.