கேள்வி என்று தெரியாத கேள்வி

எங்கள் குடும்பத்தில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். நாமக்கல் பக்கம் கடலை பறித்த கை, சேலத்தில் ஒரு பெண்கள் கல்லூரியின் வருகைப் பதிவேட்டில், தாவரவியல் டெமான்ஸ்ட்ரேட்டர் என்று கையெழுத்திட்டது. அந்தப் பெருமையை நான் ஒளித்ததில்லை.

சேர்ந்த முதல் மாதமே துறைத் தலைவி கேட்டார், "விடுதியில சாயங்காலப் படிப்பையும் பார்த்துக்க முடியுமா?"

"செரிங்க" என்றேன்.

பிறகு கல்லூரி ஆண்டு மலர். பிறகு தோட்டம். பிறகு, விடுப்பில் போனவரின் வகுப்புகள். ஒவ்வொரு முறையும் அவர் "முடியுமா" என்றார். நான் "செரிங்க" என்றேன். செவ்வாய்ப்பேட்டையிலிருந்து வரும் வேதியியல் ஆசிரியை எனக்குச் 'செரிங்க' என்றே பெயர் வைத்துவிட்டாள்.

"உங்க ஊர்ல முடியாதுங்கிற வார்த்தையே விளையாதா?"

"கடலையும் சோளமுந்தாங்க விளையும்" என்பேன். இருவரும் சிரிப்போம்.

இரண்டாம் வருடம் சிரிப்பு குறைந்தது. ரெக்கார்டு நோட்டுகளில் படத்தைப் பார்க்காமலே கையெழுத்திட்டேன். மாணவிகள் சந்தேகம் கேட்டால் எரிச்சல் வந்தது. ஒருநாள் செய்முறை வகுப்பில், பிளேடால் பிளந்த செம்பருத்தியைக் காட்டிக்கொண்டிருந்தேன். சூற்பையை ஊசியால் தொட்டேன். அதன் பெயர் வரவில்லை. பெண்கள் பென்சிலோடு காத்திருந்தார்கள். முன்வரிசையில் ஒருத்தி, நான் கேள்வி கேட்பதாக நினைத்து, "ஓவரி, மிஸ்" என்றாள். "சரி" என்று உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை. பூவைப் பார்த்தும் மனதில் ஒன்றுமே தோன்றவில்லை. அதுதான் பயமாக இருந்தது. பூக்கள் மேலிருந்த ஆசையால்தான் நான் இந்தப் படிப்புக்கே வந்தேன்.

மறுநாள் ராஜினாமாக் கடிதத்தோடு தலைவியிடம் போனேன்.

"உடல்நலக் குறைவுன்னு எழுதியிருக்க. உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்லீங்க. நீங்க குடுத்த வேலையெல்லாம் செய்ய முடியலீங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நான் எங்கே குடுத்தேன்? முடியுமான்னுதானே கேட்டேன். உனக்கு முன்னாடி நாலு பேரைக் கேட்டேன், முடியாதுன்னாங்க. நீ செரிங்கன்னே."

"எங்க ஊட்ல பெரியவங்க முடியுமான்னு கேட்டா, அது கேள்வி இல்லீங்க."

"இங்கே அது கேள்விதான்" என்றார். சற்று யோசித்து, "உன் செரிங்க எனக்கும் வசதியா இருந்துச்சு. அதையும் சொல்லணும்" என்றார்.

பழக்கம் மட்டும் காரணமில்லை என்பதை நானும் ஒப்புக்கொள்ள வேண்டும். முடியாது என்றால், கடலைக் காட்டில் வேலை செய்த வீட்டுப் பெண்ணுக்கு இவ்வளவுதான் முடியும் என்று யாராவது நினைத்துவிடுவார்களோ என்ற வீம்பு எனக்கு இருந்தது.

கடிதம் இன்னும் அவர் கையிலேயே இருந்தது.

"சனிக்கிழமை பெண்களை ஏற்காட்டுக்குச் செடி சேகரிக்கக் கூட்டிட்டுப் போக முடியுமா?"

நாக்கு 'செ' வரைக்கும் போய்விட்டது.

"முடியாதுங்க."

அவர் மேசையிலிருந்த வேறொரு தாளில் இன்னொருவர் பெயரை எழுதினார். அவ்வளவுதான். "அந்த 'ங்க'வை மட்டும் விட்டுடாதே" என்று கடிதத்தை என் பக்கம் நகர்த்தினார்.

விடுதியையும் ஆண்டு மலரையும் விட்டேன். தோட்டத்தை விடவில்லை, அது யாரும் கேட்காவிட்டாலும் நான் விரும்பிச் செய்திருக்கக்கூடிய வேலை. அந்தச் சனிக்கிழமை தலைக்குக் குளித்து, மத்தியானம் முழுவதும் தூங்கினேன். சில வாரம் கழித்து, வகுப்பு எதுவும் இல்லாத ஒரு காலையில், தோட்டத்தில் ஒரு செம்பருத்தியைப் பறித்து நகத்தால் பிளந்தேன். யாருக்கும் காட்ட வேண்டியிருக்கவில்லை. இருந்தும் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் மணி அடித்ததுகூடக் காதில் விழவில்லை.