மேலே நின்ற ஆடை

ஃப்ரிட்ஜில் மனைவி எடுத்து வைத்திருந்த தாய்ப்பால் புட்டியைக் கையிலெடுத்துப் பார்த்தேன். மேலே மஞ்சளாக ஆடை, கீழே நீலம் பாரித்த தண்ணீர். நாற்பது தாண்டி அப்பாவான மடையனுக்கு உடனே வேர்த்துக் கொட்டியது.

இதே வேர்வை லப்பைக்குடிக்காட்டில் பத்தாவது படித்தபோதும் கொட்டியது. அக்காவின் குழந்தை எடை குறைவாகப் பிறந்து, சப்பத் தெம்பில்லாமல் கிடந்தது. அக்கா பாலைப் பீய்ச்சி டம்ளரில் வைத்து, சங்கில் புகட்டுவாள். வேதியியலில் கரைசல், பால்மம் எல்லாம் படித்த மேதையான நான் டம்ளருக்குள் எட்டிப் பார்த்தேன்.

“மச்சான், பால் பிரிஞ்சு கெட்டுப்போச்சு!”

துபாயிலிருந்து வந்திருந்த மச்சானுக்கு முகமெல்லாம் பல். “நான் அப்பவே சொன்னேன்ல? நம்ம டின்னு பவுடரு பிரியவே பிரியாது” என்று அத்தர் மணக்கும் கையால் ஒரு கிண்ணத்தில் பவுடரைக் கலக்கினார். அரியலூர் சுண்ணாம்புக்கல் மாதிரி கட்டி கட்டியாக மிதந்தது. அதற்குள் நான் தாய்ப்பால் டம்ளரைச் சாக்கடைப் பக்கம் கொண்டுபோய்விட்டேன்.

“டேய், அதைக் கீழ ஊத்துன, நீயும் ஒங்க மச்சானும் வூட்டுக்குள்ள வரக்கூடாது!” அக்கா டம்ளரைப் பிடுங்கி மெல்லச் சுழற்றினாள். ஆடை கலந்து பால் ஒன்றானது. குழந்தை சங்கிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுங்கியது. “பாலு நல்லாத்தான் இருக்கு. ஒங்க ரெண்டு பேரு மூளைதான் திரிஞ்சு கெடக்கு.”

இப்போது புட்டியைக் கையில் வைத்துக்கொண்டே அக்காவுக்குப் போன் போட்டேன். பாதி சொல்வதற்குள் கேட்டாள்:

“ஊத்திட்டியா?”

“இல்லக்கா.”

“அப்ப அதை அங்கயே வச்சிட்டுத் தள்ளி நில்லு. ஒம் பொண்டாட்டி வரட்டும்.”